கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜை

பல்லடம்
22.6.1998

தனபால் சார் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் பொற்கொடி, சொந்த ஊர் தாராபுரம். பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் தற்காலிக டீச்சர். உங்கள் கோவை விலாசத்தைத் தலைமை ஆசிரியர் குமாரசாமி ஐயாவிடம் கெஞ்சி வாங்கினேன்.

கோபமாகத்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. கோடை லீவில் தறிக்காரர்களின் வீடு வீடாகப் போய், "பிளஸ் ஒன்னுல கம்ப்யூட்டர் குரூப்பு போடுங்க, உங்க புள்ளைக எங்கியோ போயிருவாங்க" என்று சொல்லி ஆள் சேர்த்தது நீங்கள். பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். நீங்கள்தான் எங்கியோ போய்விட்டீர்கள்!

இங்கே வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஐந்து கம்ப்யூட்டர். ஐந்துக்கும் வெல்வெட் உறை. ஐந்தின் நெற்றியிலும் சிவப்புப் பெயின்ட்டில் ‘சென்னகிருஷ்ணன் உபயம்’. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கால் கழுவி, கை கட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும். டீச்சர் மட்டும்தான் தொடலாம், மாணவர்கள் பார்க்கலாம் என்பது ஐயா போட்ட சட்டம். நான் கீபோர்டில் அடிக்கிறேன், இருபத்திரண்டு பேரும் என் முதுகைப் பார்க்கிறார்கள். மத்தியானப் பீரியடில் ஏசிக் குளிரில் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். போன வாரம் ஒருவன் குறட்டையே விட்டான். கெமிஸ்ட்ரி சார் டிபன் பாக்ஸோடு வந்து ஜிலுஜிலுவென்று சாப்பிட்டுவிட்டுப் போகிறார். இந்த ரூமால் பலன் அடைந்தவர் இதுவரை அவர் ஒருவர்தான்.

யுவஸ்ரீ என்று ஒரு பெண். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தறிப் பழுது பார்க்கும் பிட்டர் காளிச்சாமியின் மகள். எழுந்து நின்று, "ஏனுங்க டீச்சர், இதுல என்னதானுங்க செய்யறது?" என்று கேட்டாள். எல்லாம் செய்யலாம் என்றேன். "எல்லாமுன்னா என்னங்க?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாடம் எனக்குத் தெரியும். இவர்களை எப்படிக் கண் திறந்து பார்க்க வைப்பது என்றுதான் தெரியவில்லை. இருபத்திரண்டு பேரைச் சேர்க்கும்போது நீங்கள் என்ன நினைத்துச் சேர்த்தீர்கள்? அதையாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
பி. பொற்கொடி


கோயம்புத்தூர்
6.7.1998

மதிப்பிற்குரிய பொற்கொடி டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் சுற்றினேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த ‘எங்கியோ போய்விட்டீர்கள்’ குறுக்கே வந்து நிற்கிறது.

காரணம் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். கழகத் தலைவர் சென்னகிருஷ்ணன் என் தாய்மாமா. கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது அவர், என்னை வாத்தியார் ஆக்கியது அவர், உறைக்கு வெல்வெட் எடுத்ததும் அவர். ஒரு பையனைத் தொடவிடலாமா என்று கேட்டதற்கு, "மாப்ளே, பொருளோட வெல தெரியுமா உனக்கு?" என்றார். அவர் முன்னால் எனக்கு எப்போதுமே வாய் வராது. அதனால் இங்கே காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

இங்கே முப்பது மெஷின் இருக்கிறது. எல்லாம் கலர், எல்லாவற்றிலும் மவுஸ். யார் வேண்டுமானாலும் தொடலாம். காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள், அப்பா ஃபீஸ் கட்டியிருக்கிறார் என்பதற்காக வருகிறார்கள். நான் போர்டில் எழுதித் திரும்பினால் முப்பது திரையிலும் சீட்டாட்டம்! வீட்டில் சீட்டைத் தொட்டால் அப்பா அடிப்பார், இங்கே அப்பா காசிலேயே ஆடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளாவது தூங்குகிறார்கள் டீச்சர். இவர்கள் முழித்துக்கொண்டிருந்தும் வகுப்பில் இல்லை.

ஒரு யோசனை. நான் செய்யத் துணியாதது, நீங்கள் செய்து பாருங்கள். அந்த ஊரில் பிள்ளைகளுக்குத் தறி என்றால் உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய்ப் பாவு போடுவார்கள், நூல் அறுந்தால் தூக்கத்தில்கூட எழுந்து முடிபோடுவார்கள். இதையும் உங்கள் வீட்டுத் தறி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். நாலைந்து பேருக்கு ஒரு மெஷின் என்று பிரித்துக் கொடுங்கள். துடைப்பது, மூடுவது, காப்பாற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஐயா நல்லவர், நீங்கள் தைரியமாகக் கேட்டால் சம்மதிப்பார். என்னால் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்புடன்,
தனபால்


பல்லடம்
17.8.1998

தனபால் சாருக்கு,

உங்கள் மேல் இருந்த கோபத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. மிச்சம் இருப்பதை நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐயாவிடம் போய் நின்றேன். ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேரி, பாத்துச் செய்யுங்கம்மா" என்றார். மறுநாள் வகுப்பில் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். இது எனது இல்லை, தலைவருடையதும் இல்லை, உங்கள் வீட்டுத் தறி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யுவஸ்ரீ எழுந்து வந்து உறையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

அதற்கப்புறம் நடப்பதைப் பார்க்க நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும் சார்! காலையில் நான் வருவதற்கு முன்னால் வாசலில் நிற்கிறார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் பெயர் வைத்தாயிற்று. ஒன்று செல்லாண்டி, ஒன்று கருப்பராயன், இன்னொன்றுக்கு ஏதோ சினிமாக்காரி பெயர், நான் கேட்டால் சிரிக்கிறார்கள். குறட்டை விட்டவன்தான் இப்போது கரண்ட் போனால் முதலில் கத்துகிறான்.

யுவஸ்ரீ ஒரு புரோகிராம் எழுதினாள். திரையில் வரிசை வரிசையாக நட்சத்திரக் குறி வந்து, சேர்ந்து, சேலைக் கரை மாதிரி ஒரு பூ விழுகிறது. இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எங்கப்பா வேல பாக்கற தறியில வெள்ளக் காடாத் துணி தவுத்து வேறொண்ணும் வராதுங்க டீச்சர். ஒரு பூவாச்சும் போடோணும்னு அவருக்கு ரொம்ப ஆசைங்க" என்றாள். இப்போது இருபத்திரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கரை போடுகிறார்கள். மயில் போடுகிறேன் என்று ஒருவன் போட்டது கோழி மாதிரி வந்தது, அதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பு. எல்லா வரியும் மனப்பாடம். ஒருவன் ஒரு வரியை மறந்தால் பின்னால் இருந்து நாலு பேர் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் அப்பா பண்ணையத்தில் கூலியாளாக இருந்து என்னைப் படிக்க வைத்தவர். இப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு நடை வந்து பாருங்கள்.

பொற்கொடி


கோயம்புத்தூர்
9.9.1998

அன்புள்ள பொற்கொடி டீச்சருக்கு,

படித்தேன். பொறாமையாக இருக்கிறது. முப்பது மெஷினை வைத்துக்கொண்டு என்னால் ஒரு கோழியைக்கூடப் போட வைக்க முடியவில்லை.

கட்டாயம் வருகிறேன். ஆயுத பூஜைக்கு எங்கள் தறிப்பட்டறையில் பூஜை இருக்கிறது, அதற்கு எப்படியும் ஊருக்கு வர வேண்டும். முந்தின நாளே வந்து நம் ரூமையும் பார்க்கிறேன். காலாண்டு லீவாக இருந்தாலும் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். அவர்களும் பூஜை போட ஆசைப்படுவார்கள், நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கவலைப்படாமல் தாராபுரம் போய்விட்டு வாருங்கள்.

தனபால்


பல்லடம்
6.10.1998

தனபால்,

ஐந்தும் போய்விட்டது.

நீங்கள் வருவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் சாவியை யுவஸ்ரீ கையில் கொடுத்துவிட்டுப் போனேன். தனபால் சார் வருவார், அவர் இருக்கும்போது ரூமைச் சுத்தம் செய்து பூஜை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். காலையில் இருந்து வெயிலில் உங்களுக்காக நின்றிருக்கிறார்கள். மத்தியானமும் நீங்கள் வரவில்லை. பொழுது போகிறதே என்று அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் தாராபுரத்துக்காரி. எங்கள் பக்கம் ஏர்க்கலப்பையையும் மாட்டையும்தான் கழுவிக் குளிப்பாட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை, கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடு சரி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தறியை என்ன செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியுமே! கம்ப்ரசரில் காற்றடித்துப் பஞ்சைப் போக்குவார்கள், மண்ணெண்ணெய்த் துணியில் இரும்பை எல்லாம் துடைப்பார்கள், பிறகு ஈரத் துணி, பிறகு சந்தனம் குங்குமம். அதைத்தான் செய்திருக்கிறார்கள். வீட்டுத் தறி மாதிரி என்று சொன்னோமே, அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்திருக்கிறார்கள்.

காளிச்சாமி அன்றைய வேலையைப் போட்டுவிட்டு, உங்கள் மாமாவின் பட்டறைக் கம்ப்ரசரைக் கேட்டு வாங்கி டெம்போவில் கொண்டுவந்திருக்கிறார். மகள் வகுப்புக்குச் செய்கிறோம் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. ஐந்தையும் ஸ்க்ரூ கழற்றித் திறந்தது அவர்தான். உள்ளே இருந்த தூசியைப் பார்த்து, "அடக் கொடுமையே, இத்தன நாளா இத யாரும் தொறந்தே பாக்கலயா?" என்று வருத்தப்பட்டாராம். எண்ணெயும் தண்ணீரும் கலந்து வருகிற அந்தக் காற்றை உள்ளே பிடித்திருக்கிறார். பிள்ளைகள் சின்னச் சின்னப் பச்சைத் தகடுகளை எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியில் பளபளவென்று துடைத்திருக்கிறார்கள்.

மறுநாள் பொரி, கடலை, தேங்காய், கற்பூரம் எல்லாம் வைத்து, ‘செல்லாண்டி’க்கு ஸ்விட்ச் போட்டிருக்கிறார்கள். எரியவில்லை. ஒன்று ஓடவில்லை என்றால் அடுத்ததைப் போட்டுப் பார்ப்பதுதானே தறிப்பட்டறை வழக்கம். அடுத்ததைப் போட்டார்கள். அதற்கடுத்ததைப் போட்டார்கள். புகை வந்ததைக் கற்பூரப் புகை என்று நினைத்துக்கொண்டார்களாம்.

நேற்றுப் பள்ளி திறந்ததும் இருபத்திரண்டு பேரையும் பிரேயரில் தனியாக நிற்க வைத்தார்கள். ஒருவரும் அழவில்லை. என்ன தப்பு செய்தோம் என்றே அவர்களுக்குப் புரியவில்லை. யுவஸ்ரீ என்னிடம் வந்து, "நல்லாத்தானுங்க டீச்சர் தொடச்சோம்" என்றாள்.

நீங்கள் ஏன் வரவில்லை?

பொற்கொடி


கோயம்புத்தூர்
14.10.1998

பொற்கொடி டீச்சருக்கு,

அந்த இரண்டு நாளும் சென்டரிலும் பூஜை வேலை. முதலாளி என்னை நிற்கச் சொன்னார். ஊருக்குப் போக வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன், ஞாயிற்றுக்கிழமை ஐயா ரூமைத் திறந்து காட்டினார். உங்களைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். ஒரு மானிட்டர் மட்டும் உயிரோடு இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது? மற்றதெல்லாம் உள்ளே வெந்துவிட்டது. அவ்வளவு சுத்தமாக ஒரு மெஷினின் உட்புறத்தை நான் பார்த்ததே இல்லை டீச்சர். ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், அதில் நடுவிரலால் வைத்த குங்குமம்.

யார் மேல் குற்றம் சொல்வது? காளிச்சாமி தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்தார். எனக்குத் தெரியாமல் போயிற்று என்றும் நான் சொல்ல முடியாது. எத்தனையோ ஆயுத பூஜை பார்த்தவன் நான், ‘வீட்டுத் தறி’ என்ற வார்த்தையை உங்கள் வாயில் போட்டவனும் நான்தான்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை முப்பது மெஷினும் சும்மா கிடக்கின்றன. முதலாளியிடம் கேட்டுப் பார்க்கட்டுமா?

தனபால்


பல்லடம்
3.11.1998

தனபால் சாருக்கு,

கேளுங்கள். காலில் விழுந்தாவது கேளுங்கள்.

இங்கே நிலவரம் இதுதான். அரையாண்டுக்குப் பிறகு குரூப்பை மூடிவிடலாம் என்று கழகத்தில் பேசிவிட்டார்கள். மெஷின் இல்லாமல் செய்முறைத் தேர்வு எப்படி என்று கேட்கிறார்கள், நியாயம்தான். இருபத்திரண்டு பேரும் பாதி வருஷம் போன பிறகு காமர்ஸில் போய் உட்கார வேண்டும். விருப்பம் இல்லாதவர்கள் டிசி வாங்கிக்கொண்டு போகலாமாம். போனால் நேராகத் தறிக்குத்தான்.

நஷ்டத்தைப் பெற்றோர்தான் கட்ட வேண்டும் என்று முதலில் பேச்சு வந்தது. தறி ஓட்டுகிறவர்கள் எங்கே போவார்கள்? பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் மாமா பெற்றோர்களையும் பிள்ளைகளையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பணம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பெரிய மனசு என்று ஊரே பேசுகிறது. என்னைக் கூப்பிடவில்லை, நான் யார் அந்தக் கோயிலுக்குப் போக? எப்படியோ பிரச்னை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

பிள்ளைகள்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டார்கள். போர்டில் எழுதிப் போட்டுத்தான் இப்போது பாடம். எழுதிக்கொள்கிறார்கள், கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறார்கள், என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. பயம் போகவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

ஐயாவிடம் உங்கள் சென்டரைப் பற்றிச் சொன்னேன். அவர் மனசு இளகிவிட்டது. "ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போலாம்மா, நானும் வாரேன். புள்ளைக ஒவ்வொண்ணும் தனித்தனியா ஒக்காந்து ஒரு புரோகிராம் போட்டுக் காட்டட்டும். அதப் பாத்துட்டு நான் தலைவர்கிட்டப் பேசறேன். வாராவாரம் அங்கயே பிராக்டிகல் வெச்சுக்கலாம், குரூப்ப மூட வேண்டாம்" என்றார். ஒரே ஒரு ஞாயிறு சார். அவர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் அந்தச் சேலைக்கரை வரும்.

பொற்கொடி


கோயம்புத்தூர்
13.11.1998

அன்புள்ள பொற்கொடி டீச்சருக்கு,

முதலாளி சம்மதித்துவிட்டார்! வாயைத் திறந்து கேட்டேன், சரி என்றார். இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு.

29ஆம் தேதி ஞாயிறு, காலை பத்து மணிக்கு வாருங்கள். காந்திபுரத்தில் இறங்கினால் நான் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பேன். இந்தத் தடவை நிற்பேன். சீட்டாட்டத்தை எல்லா மெஷினில் இருந்தும் அழித்துவிட்டேன். ஆளுக்கு ஒரு மெஷின், முதுகைப் பார்க்க வேண்டியது இல்லை. கலர்த் திரையில் அந்தப் பூ எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

தனபால்


பல்லடம்
1.12.1998

தனபால் சாருக்கு,

நேற்று முன்தினம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் கதவோரம் நின்றீர்கள், நான் அவர்கள் முகத்துக்கு முன்னால் நின்றேன்.

பஸ்ஸில் வரும்போதே யாரும் ஜன்னலுக்குச் சண்டை போடவில்லை. சென்டரில் ஆளுக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். திரை எல்லாம் பளிச்சென்று எரிந்தது. ஆரம்பிக்கலாம் என்றேன். ஒரு கைகூட மேலே வரவில்லை. இருபத்திரண்டு பேரும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கெஞ்சினேன். அதட்டினேன். ஒருவன் தோளைப் பிடித்து உலுக்கியே விட்டேன், அவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றது.

பிறகுதான் யுவஸ்ரீ எழுந்து, "நீங்க அடிங்க டீச்சர், நாங்க சொல்றோம்" என்றாள். சொன்னார்கள். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு புள்ளி, ஒரு கமா விடாமல், எல்லாரும் ஒரே குரலில். நான் அடித்தேன். பூ விழுந்தது. ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மனப்பாடம் வேறம்மா. பரீட்சையில அவங்க கைதான அடிக்கோணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆர்வம் செத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், திரும்பும்போது சூலூர் தாண்டும் வரைக்கும். அங்கே யுவஸ்ரீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள். அன்றைக்குக் கோயிலில் உங்கள் மாமா பணம் வேண்டாம் என்று சும்மா சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கற்பூரம் கொளுத்தி வைத்து, எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கிறார். இனி வாழ்நாளில் கம்ப்யூட்டரைக் கையால் தொடுவதில்லை என்று! பெற்றவர்கள்தான் பிள்ளைகள் கையைப் பிடித்து அடிக்க வைத்திருக்கிறார்கள். முதலில் வைத்தவர் காளிச்சாமி. வெளியே சொல்லக் கூடாது என்றும் பேச்சாம்.

"தொட்டா எங்கப்பாவுக்கு ஏதாச்சு ஆயிருமுங்க டீச்சர். இல்லீன்னா அங்கயே அடிச்சிருப்பனுங்க" என்றாள். அவ்வளவு தூரம் வந்து, அந்தத் திரைக்கு முன்னால் தன் கை மேலேயே உட்கார்ந்திருந்தாள் சார்.

அவர் உங்கள் மாமா. நான் போனால் வாசலில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். நீங்கள் போனால் உள்ளே உட்கார்ந்து பேசலாம். அந்தச் சத்தியத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

பொற்கொடி


கோயம்புத்தூர்
9.12.1998

பொற்கொடி டீச்சருக்கு,

போனேன். உள்ளே உட்கார்ந்துதான் பேசினேன்.

மாமாவுக்குக் கோபமே வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன் மாப்ளே, பணத்தக் கட்டுன்னு சொல்லியிருந்தா அந்தக் குடும்பமெல்லாம் எங்க போயிருக்கும்? ஒரு சத்தியத்தோட உட்டேன். நல்லது செஞ்சவங்கிட்டயே நாயம் கேக்க வந்துட்டயா?" என்றார். படிப்பே போகிறதே மாமா என்றேன். "ஊர்ல வேற படிப்பா இல்ல? அம்மன் முன்னால அடிச்ச சத்தியத்த எடுக்கறதுக்கு நான் யாரு? நானே போனாப் போகுதுன்னு சொன்னாலும் பெத்தவங்க ஒத்துக்குவாங்களா, போய்க் கேட்டுப் பாரு" என்றார். அதற்குள் அத்தை இலை போட்டுவிட்டார்கள். மறுத்துவிட்டு எழுந்து வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

காளிச்சாமியிடமும் போனேன். பட்டறைக்கு வெளியே கூப்பிட்டுப் பேசினேன். நான் எவ்வளவு சொல்லியும் அவர் உட்காரவில்லை. சத்தியம் எல்லாம் ஒன்றும் ஆகாது, மகளைத் தொடச் சொல்லுங்கள் என்றேன். "உங்களுக்கு ஆகாதுங்க. எங்களுக்கு ஆயிருமுங்க" என்றார். "அன்னைக்கு நாந்தானுங்க தொறந்தேன். எம்புள்ள கை மேல எங்கைய வெச்சு நாந்தானுங்க அடிச்சேன். ரெண்டையும் பண்ணிப்போட்டு இப்ப மூணாவதா எதையும் பண்ண எனக்குத் தெம்பில்லீங்க" என்று கும்பிட்டார். தறி ஒன்று நின்றுவிட்டது, கூப்பிட்டார்கள், ஓடிவிட்டார்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான் டீச்சர். இதைவிடப் பெரிய ஆளாக நான் இருந்திருக்க வேண்டும். இல்லை.

தனபால்


தாராபுரம்
24.1.1999

தனபால் சாருக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் இந்தக் கடிதத்தையும் ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு சுற்றுவீர்கள்.

பொங்கல் லீவோடு குரூப்பை மூடிவிட்டார்கள். பதினாலு பேர் காமர்ஸில் உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் தறிக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். குறட்டை விட்டவன் போகும்போது என்னிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் போனான். எனக்கும் வேலை இல்லை என்று ஆகிவிட்டது, ஐயா தன் கையெழுத்தில் நல்ல சர்டிபிகேட் கொடுத்து அனுப்பினார். ரூமில் ஏசி மட்டும் இருக்கிறது. கெமிஸ்ட்ரி சார் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறார்.

கிளம்புகிற அன்று பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். யுவஸ்ரீ ஓடி வந்தாள். அவளும் காமர்ஸில்தான் இருக்கிறாள். காமர்ஸ் படித்தால் டைப் தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர வந்திருக்கிறாள். காளிச்சாமி அங்கே கீழேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மேல போய்ப் பாத்தனுங்க டீச்சர். அதுலயும் எழுத்து அதே வரிசையிலதானுங்க இருக்குது. தொடலாமுங்களா?" என்று கேட்டாள்.

சார், அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் கை இரண்டும் பின்னால் கட்டியிருந்தது.

அது வெறும் டைப்ரைட்டர் கண்ணு, சத்தியத்தில் சேராது, தாராளமாகத் தொடலாம் என்றேன். என் முகத்தையே பார்த்தாள். மறுபடியும் சொன்னேன், நான் சொல்கிறேன், தொடு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மரியாதைக்காகத்தான் ஆட்டினாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சேரீங்க டீச்சர். எதுக்கும் எங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.

பொற்கொடி